மேப் பார்த்து ஓடும் பந்தயம் பிறந்த கதை

சிம்மக்கல்லில் நின்று வழி கேட்டால் மதுரைக்காரர் பெரும்பாலும் இடது, வலது என்று ஆரம்பிப்பதில்லை. “நேரா தெக்க போங்க, வடக்கு மாசி வீதி வரும், அதுல கெழக்க திரும்புங்க” என்பார். சொல்கிறவருக்கே தெரியாமல் ஊர் அவருக்குத் திசையைப் பழக்கிவிட்டிருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. பெயர்ப் பலகையைப் படித்தாலே கோயிலுக்கு எந்தத் திசையில் நிற்கிறோம், எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு வைகைக் கரையோரம் ஒரு கல் சிங்கத்தின் பெயரில் ஓர் இடம், பக்கத்திலேயே ஒரு கல் யானையின் பெயரில் இன்னோர் இடம்.

இந்த மாதிரி ஊரில் பிறந்திருக்க வேண்டிய ஒரு விளையாட்டு நார்வேயிலும் சுவீடனிலும் போய்ப் பிறந்துவிட்டது. ஓரியன்டீரிங் என்று பெயர். கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். முன்பின் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மேப்பில் வட்டமிட்டிருக்கும் இடங்களை வரிசை மாறாமல் தேடிப்போய்த் தொட்டுவிட்டு, யார் சீக்கிரம் திரும்புகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பாதை என்று எதுவும் போட்டுத்தர மாட்டார்கள். வழி கேட்கவும் ஆள் கிடையாது.

இதில் பல வகை உண்டு. அவற்றில் மூத்ததும் கடினமானதும் நெடுந்தூரப் போட்டி. உலகச் சாம்பியன்ஷிப்பில் மூன்று நிமிடத்துக்கு ஒருவராகக் காட்டுக்குள் அனுப்புவார்கள். புறப்படும் நொடிவரை மேப்பைப் பார்க்க முடியாது. கையில் எடுத்துத் திருப்பினால் ஊதா மையில் ஒரு முக்கோணம் தெரியும். அதுதான் நிற்கும் இடம். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட வட்டங்கள் கோட்டால் இணைக்கப்பட்டிருக்கும். கடைசியில் இரட்டை வட்டம். வட்டத்தின் நடுவில் தரையில் உண்மையாகவே ஏதாவது இருக்கும். ஒரு பாறையின் கிழக்குப் பக்கம், ஓர் ஓடை வளைவு, ஒரு குழி. அங்கே முப்பது சென்டிமீட்டர் அகல முக்கோணக் கொடி வெள்ளையும் ஆரஞ்சுமாகத் தொங்கும். முன்பெல்லாம் கூடவே ஒரு பஞ்ச் கட்டியிருக்கும். அதனால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடவேண்டும். இப்போது விரலில் மாட்டிய சிப்பை ஒரு பெட்டியில் தொட்டால் ‘பீப்’ என்று நேரம் பதிவாகிவிடும். ஆண்களில் முதலிடம் பெறுபவருக்கு 90 முதல் 100 நிமிடம், பெண்களில் 70 முதல் 80 நிமிடம் ஆகும்படி போட்டியை அமைப்பார்கள். மாரத்தான் ஓட்டக்காரர் முப்பது கிலோமீட்டர் தாண்டிவிடும் நேரம் அது. காட்டில் அதில் பாதித் தூரம் போனாலே பெரிது.

நெடுந்தூரப் போட்டியின் உயிர் ஓட்டத்தில் இல்லை, தீர்மானத்தில் இருக்கிறது. நாகமலையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மலைக்கு இந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு கொடி, அடுத்தது அந்தப் பக்கம். நேராக ஏறி இறங்கலாம், தூரம் குறைவு. அல்லது அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டித்தடத்தில் ஓடலாம், தூரம் இரண்டு மூன்று மடங்கு. எது சீக்கிரம்? நூறு மீட்டர் ஏற்றம் ஏறுவது சமதரையில் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவதற்குச் சமம் என்பது இந்த ஆட்டக்காரர்களின் கைக்கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் முள்ளும் உருட்டுக்கல்லும் அடங்கவில்லை. ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஓடி இளைத்த காலும் அடங்கவில்லை. இதையெல்லாம் ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டும். நிதானமாக நின்று யோசிப்பவர் நிதானமாகத் தோற்பார். யோசிக்காமல் ஓடுபவர் இன்னும் மோசமாகத் தோற்பார்.

சரி, இது எப்படிப் பிறந்தது?

மேப் என்பதே ராணுவத்தின் சொத்தாக இருந்த காலத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுவீடன், நார்வே ராணுவ அதிகாரிகள் தங்கள் சிப்பாய்களுக்குக் காட்டில் வழி கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தகவல் கொண்டுபோகும் ஆள் தெரியாத நிலத்தில் தடுமாறாமல் போய்ச் சேர வேண்டும் அல்லவா? பயிற்சி சலிக்காமல் இருக்க அதைப் பந்தயமாக்கினார்கள். அதுவரை நடந்தது சீருடைக்காரர்களின் விஷயம். 1897 அக்டோபர் 31 அன்று, இன்றைய ஆஸ்லோவுக்கு அருகில், ஜால்வே என்ற விளையாட்டுக் கழகம் இதையே பொதுமக்களுக்கான போட்டியாக நடத்தியது. அந்த நகரத்துக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். பந்தய தூரம் 19.5 கிலோமீட்டர். வந்தவர்கள் எட்டே பேர். பேடர் ஃபொஸ்ஸும் என்பவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடித்து ஜெயித்தார்.

அந்த வேகம் இன்றைய காட்டுப் பந்தயத்தில் வராது. அன்றைய மேப் அப்படி, அதனால் பந்தயமும் அப்படி. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் ராணுவம் வரைந்த படங்களை வைத்துக்கொண்டு ஓடிய காலம். அந்த அளவில் வரைந்தால் சிம்மக்கல்லுக்கும் மீனாட்சி கோயிலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இராது. பாறையும் குழியும் அதில் ஏது? எனவே பண்ணை வீடு, பாலம் என்று யாரும் தவறவிட முடியாத இடங்களையே தொடச் சொன்னார்கள். ஓடத் தெரிந்தவனே பெரும்பாலும் ஜெயித்திருப்பான். மேப் திருந்தத் திருந்தத்தான் இந்த ஆட்டம் இன்றைய ஆட்டமாக மாறியது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

நார்வேயில் பிறந்த குழந்தை சுவீடனில்தான் நடக்கப் பழகியது. எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்று ஒரு ராணுவ மேஜர், சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டவர். முதல் உலகப் போர் முடிந்த சமயம் ஸ்டாக்ஹோம் நகர விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தார். இளைஞர்கள் ஓடுகளத்துக்கு வருவது குறைந்துகொண்டே போனது அவருக்குக் கவலையாக இருந்தது. வட்டமடித்து வட்டமடித்து ஓடுவதில் அவர்களுக்கு ருசி இல்லை என்று கண்டுகொண்டார். ஊரைச் சுற்றிக் காடு இருக்கிறது, ராணுவத்தில் மேப் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தார். 1919 மார்ச் மாதம் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் நடத்திய பந்தயத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எட்டுப் பேர் வந்த விளையாட்டு அது. கிலாண்டர் அதோடு விடவில்லை. வயதுக்கு ஏற்ற பிரிவு எப்படி, தொட வேண்டிய இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கடினமாக வைப்பது என்று விதிகளை எழுதிக்கொண்டே போனார். இந்த விளையாட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது அதனால்தான். 1942-ல் சுவீடன் இதைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்துவிட்டது.

கிலாண்டர் மட்டும் போதுமா? ஒரு கருவியும் வேண்டியிருந்தது. அன்றைய காம்பஸில் ஊசி ஆடிக்கொண்டே இருக்கும். அது அடங்கக் காத்திருந்து, கோணமானியை மேப்பின் மேல் தனியாக வைத்து அளந்து, கணக்குப் போட்டுத் திசை எடுக்க வேண்டும். என்.சி.சி.யில் சேர்ந்து மேப் ரீடிங் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். ஓடுகிறவனுக்கு இது ஆகாது. 1930-களின் தொடக்கத்தில் சுவீடனின் ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் குன்னர் தில்லாண்டர் என்ற பொறியாளரும் சேர்ந்து காம்பஸையும் கோணமானியையும் ஒரே பொருளாக்கினார்கள். அடியில் கண்ணாடி போன்ற தட்டு, மேலே சுழலும் வட்டப் பெட்டி. தட்டின் ஓரத்தை நிற்கும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் சேர்த்து வைத்து, பெட்டியைத் திருப்பினால் திசை கையில். அவர்கள் தொடங்கியதே சில்வா நிறுவனம். பின்லாந்தில் துவோமாஸ் வோலோனென் என்பவர் ஊசியைத் திரவத்தில் மிதக்கவிட்டு அதன் ஆட்டத்தை அடக்கும் காம்பஸைப் பெருமளவில் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1936-ல் சூன்டோ நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கைக்கடிகாரத்துக்குப் பெயர் பெற்றிருக்கும் அதே சூன்டோ.

இங்கே நம் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூமியின் காந்தப்புலம் காம்பஸ் ஊசியை வடக்கே மட்டும் இழுப்பதில்லை, வட நாடுகளில் தரையை நோக்கிக் கீழேயும் இழுக்கிறது. அதற்கு ஈடாக ஊசியின் தென்முனையில் கொஞ்சம் எடை கூட்டி விற்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகக் காந்த நடுக்கோடு போகிறது. அந்தக் கோட்டில் ஊசி கிடைமட்டமாகவே நிற்கும், கீழே இழுக்காது. 1963-ல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலியில் காந்தவியல் ஆய்வு மையம் இருப்பதற்கும் இந்தக் கோடுதான் காரணம். மதுரை அதற்கு வெகு அருகில் இருப்பதால், சுவீடனுக்கென்று செய்த காம்பஸை இங்கே வாங்கி வைத்துக்கொண்டால் ஊசியின் தென்முனை தலைகுனிந்து பெட்டியில் உரசும். வாங்கும்போது எந்த மண்டலத்துக்குச் செய்தது என்று கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து உறவினர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த காம்பஸ் சரியாக வேலை செய்யவில்லை என்றால் உறவினரைக் குறை சொல்லாதீர்கள்.

கருவி வந்தபின் பாக்கி இருந்தது மேப். ராணுவம் தன் தேவைக்கு வரைந்ததை எத்தனை நாள் கடன் வாங்குவது? ஆட்டக்காரர்களே வரைய ஆரம்பித்தார்கள். விமானத்தில் இருந்து எடுத்த புகைப்படங்களை வைத்து நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணக்கிடும் முறையை நார்வேக்காரர்கள் 1940-களின் இறுதியில் இதற்குக் கொண்டுவந்தார்கள். 1950-ல் நூட் வால்ஸ்டாட் என்பவர் பந்தயத்துக்கென்றே வண்ணத்தில் ஒரு மேப் வரைந்தார். ராணுவ மேப்பில் ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இன்றைய நெடுந்தூரப் போட்டி மேப்பில் ஒரு சென்டிமீட்டர் 150 மீட்டர், அதாவது 1:15,000. அளவு பெரிதானதைவிட முக்கியமானது அதில் என்ன வரைகிறார்கள் என்பது. இடுப்பளவு பாறையும் வரும், ஆளை மறைக்கும் பாறையும் வரும், இரண்டுக்கும் வேறு வேறு குறி. ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. ஒருவர் காட்டின் ஒவ்வொரு மூலைக்கும் நடந்துபோய்ப் பார்த்துத்தான் இதை வரைய முடியும். செயற்கைக்கோளும் லேசரும் வந்த பிறகும் அந்த நடை மிச்சமாகவில்லை.

இந்த மேப்பின் நிறங்கள் நம்மவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். காடு என்றால் பச்சை என்று நினைப்போம். இதில் ஓடக்கூடிய நல்ல காடு வெள்ளை. திறந்த வெளி மஞ்சள். பச்சை என்றால் புதர். பச்சை அடர்த்தியாக ஆக ஆக வேகம் குறையும் என்று அர்த்தம், கரும்பச்சை என்றால் உள்ளே போகாதே என்று அர்த்தம். மதுரைச் சுற்றுவட்டாரத்தை இப்படி வரைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அறுவடை முடிந்த வயல் எல்லாம் மஞ்சள், பனந்தோப்பு வெள்ளை, பாறைக்குன்றுகள் சாம்பலும் கறுப்பும், கண்மாய் நீலம். மீதி அத்தனையும் கரும்பச்சை. சீமைக் கருவேலம் புகுந்த நிலத்துக்கு அந்தக் குறியை விட்டால் வேறு குறி கிடையாது. கண்மாய்க்கும் நீலம் போடுவதா, வருடத்தில் பாதி நாள் மஞ்சள் போடுவதா என்று வரைபவர் திணறிப்போவார்.

இன்னொரு வசதியும் செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரண மேப்பில் மேல்பக்கம் உண்மையான வடக்கு. காம்பஸ் காட்டுவது காந்த வடக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழிப்பதில்தான் என்.சி.சி. பையன்கள் பரீட்சையில் மார்க்கைக் கோட்டைவிடுவார்கள். ஓரியன்டீரிங் மேப்பில் கோடுகளையே காந்த வடக்குப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள், கணக்குக்கே வேலையில்லை. மேப்பைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு ஓடுவதும் கிடையாது. உடம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேப்பின் வடக்கு வடக்கையே பார்த்திருக்கும்படி அதைச் சுழற்றிக்கொண்டே ஓட வேண்டும். இப்போது எங்கே இருக்கிறோமோ அந்த இடத்தில் கட்டைவிரல் இருக்கும். விரல் நகர்ந்துகொண்டே வரும். விரல் எடுத்த இடம்தான் தொலைந்த இடம்.

சாம்பியன்ஷிப் என்ற ஏற்பாடு வந்தது இதற்கெல்லாம் பிறகு. 1961 மே மாதம் கோபன்ஹேகனில் பத்து ஐரோப்பிய நாடுகள் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கின. பனிப்போரின் உச்சக் காலம் அது. பெர்லினில் சுவர் எழும்ப இன்னும் மூன்று மாதமே இருந்தது. ஆனாலும் அந்தப் பத்தில் கிழக்கு ஜெர்மனியும் உண்டு, மேற்கு ஜெர்மனியும் உண்டு. 1966-ல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் கிராமத்தில் முதல் உலகச் சாம்பியன்ஷிப். ஆண்களில் நார்வேயின் ஓகே ஹாட்லரும் பெண்களில் சுவீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட்டும் முதல் பட்டங்களை வாங்கினார்கள். தொடர் ஓட்டம் போகத் தனிநபருக்கு அப்போது ஒரே பந்தயம்தான். குறுந்தூரம் 1991-ல் வந்தது. ஊருக்குள்ளேயே, சந்துபொந்துகளில் பன்னிரண்டு பதினைந்து நிமிடத்தில் முடியும் ஸ்பிரின்ட் 2001-ல் வந்தது. வகைகள் பெருகியபின் 2003-ல் பழைய பந்தயத்துக்கு ‘லாங்’ என்று பெயர் சூட்டினார்கள். தம்பிகள் பிறந்த பிறகே மூத்தவனுக்குப் பெரியவன் என்று பெயர் வருவதைப் போல.

சாம்பியன்ஷிப்பைவிட எனக்குப் பிடித்தவை வட ஐரோப்பியர் இதைத் திருவிழாவாக மாற்றிக்கொண்ட விதங்கள். பின்லாந்தில் 1949-ல் தொடங்கிய ‘யூகோலா’ என்ற இரவுத் தொடர் ஓட்டத்தில் அணிக்கு ஏழு பேர். ஏன் ஏழு? அலெக்சிஸ் கிவி எழுதிய ‘ஏழு சகோதரர்கள்’ என்ற நாவலில் வரும் அண்ணன் தம்பிகள் ஏழு பேர், அவர்கள் வீட்டுப் பெயர் யூகோலா. ஒரு நாவலை வைத்து விளையாட்டு விதி எழுதிய நாடு வேறு உண்டா என்று தெரியவில்லை. சுவீடனில் 1965-ல் நூற்றைம்பது சொச்சம் பேரோடு தொடங்கிய ஓ-ரிங்கன் என்ற ஐந்து நாள் கூட்டம் இருபதே ஆண்டில் 25,000 பேர் வரும் அளவுக்குப் பெருத்தது. பத்து வயதுப் பிள்ளைகள் முதல் எண்பது தாண்டியவர்கள் வரை அவரவர் வயதுக்கான மேப்போடு காட்டுக்குள் போகிறார்கள்.

பார்வையாளர் இல்லாத இந்த ஆட்டத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு 2009 ஹங்கேரி உலகச் சாம்பியன்ஷிப்பைச் சொல்வார்கள். ஆண்கள் தொடர் ஓட்டத்தின் கடைசிக் கட்டம். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சுவீடன் வீரர் மார்டின் யோஹன்சனின் தொடையில் ஒரு குச்சி பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறிவிட்டது. பதக்கத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்த பிரான்ஸின் தியெரி ஜோர்ஜியூ, நார்வேயின் ஆன்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் வீரர் மிகல் ஸ்மோலா மூவரும் நின்றார்கள். ஒருவர் கட்டுப்போட, ஒருவர் உதவி தேடி ஓட, பந்தயம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. தங்கம் சுவிட்சர்லாந்துக்கு. நின்றவர்கள் யாரும் அதைப் பெரிய தியாகமாகப் பேசிக்கொள்ளவில்லை. கேமரா இல்லாத காட்டுக்குள் நடந்தது அது. நிற்காமல் போயிருந்தால் கேட்க யார் இருந்தார்கள்?

இனி என் வழக்குக்கு வருகிறேன். இந்த விளையாட்டுக்கு மூலப்பொருளான நில அளவை நம்மிடம் இல்லாமல் போய்விட்டதா? உலகின் முன்னோடிகளில் நாமும் உண்டு. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி அதன் வளர்ச்சி. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலியை நீட்டி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முழுக்க முக்கோணங்களால் அளந்து, கடைசியில் எவரெஸ்டின் உயரம்வரை சொன்ன பெரும் வேலைக்கு அதுதான் முதல் கோடு. தஞ்சாவூர்ச் சமவெளியில் தென்னையும் பனையும் மறைத்ததால் கோயில் கோபுரங்களின் மேல் அரை டன் எடைத் தியோடலைட்டை ஏற்றினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து அது மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே நிமிர்த்திச் சரிசெய்தார் மனிதர்.

மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. பிற்காலத்தில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சி, இந்தியா வந்த புதிதில் மதுரையில் ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கி, இந்தியக் கணிதத்தைப் பற்றி உள்ளூர்ப் பண்டிதர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் சுவடி சேர்க்கும் பித்து அவருக்குப் பிடித்தது. கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தபோது வேலை செய்த சர்வேயர் மாரட்டின் பெயரும், மேஸ்திரி பெருமாளின் பெயரும் இன்றும் வீதிப் பெயராக நிற்கின்றன. நில அளவையாளருக்கு வீதி வைத்த ஊர் நம் ஊர்.

ஆனால் அளந்த கணக்கும் படமும் மக்கள் கைக்கு வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆட்சிக்கும் படைக்கும் உரியது. சுதந்திரத்துக்குப் பிறகும் பாதுகாப்பு என்று சொல்லி விவரமான மேப்புகளைப் பூட்டியே வைத்தார்கள். கடலோரத் தாள், எல்லைத் தாள் என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். தமிழ்நாட்டில் எவ்வளவு பகுதி கடலோரம் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண ஜனத்துக்கு மேப் என்றால் தாலுகா ஆபீஸில் வாங்கும் எப்.எம்.பி. ஸ்கெட்ச்தான். அதையும் வரப்புத் தகராறு வந்தால்தான் வாங்குவார்கள். மேப்பைப் பார்த்தாலே சர்வேயரும் வக்கீலும் ஞாபகத்துக்கு வரும் ஊரில் அதை வைத்து யாருக்கு விளையாடத் தோன்றும்? சுவீடனில் யார் நிலமானாலும் காட்டில் நடக்கவும் ஓடவும் எவருக்கும் உரிமை உண்டு, மேப்பைக் கடையில் விற்றார்கள். விளையாட்டு அங்கே வளர்ந்ததற்குப் பனியும் பைன் மரமும் காரணமில்லை என்பது என் கட்சி. படமும் நிலமும் பொதுவில் இருந்ததே காரணம். இந்தியாவில் இந்த விளையாட்டு நெடுநாள் ராணுவ முகாம்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்ததற்கும் அதன் மறுபக்கமே காரணம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2005-ன் தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்குத் தனி வரிசை, மக்களுக்குத் தனி வரிசை என்று மேப்புகளைப் பிரித்தது. 2017-ல் சர்வே ஆஃப் இந்தியா தன் 250-ஆவது ஆண்டில் நக்‌ஷே என்ற தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து நாளைக்கு மூன்று தாள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த புதிய வழிகாட்டுதல் பெரும்பாலான தடைகளை எடுத்துவிட்டது. இந்தியர் எவரும் முன்அனுமதி கேட்காமல் படம் வரையலாம், வெளியிடலாம். லாம்டனின் சங்கிலி விழுந்து 219 ஆண்டு கழித்துப் பூட்டு திறந்தது.

இனிச் சாக்கு கிடையாது. நிலமும் இருக்கிறது. ஆனைமலை, நாகமலை, திருப்பரங்குன்றத்தைச் சுற்றிய வெளி, மேலூர்ப் பக்கத்துப் பாறைக்குன்றுகள் எல்லாம் நெடுந்தூரப் போட்டிக்குத் தோதானவை. ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். சமணர் மலையில் தொல்லியல் துறை பாதுகாக்கும் படுக்கைகளும் சிற்பங்களும் இருக்கின்றன, அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், அழகர்மலை காப்புக்காடு. அனுமதி வாங்காமல் அங்கே கொடி கட்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் கல்வெட்டுக்கும் குடைவரைக்கும் பக்கத்தில் கட்டக் கூடாது. ஊருக்குள் ஸ்பிரின்ட் நடத்த இந்தச் சிக்கல் இல்லை. 2014 உலகச் சாம்பியன்ஷிப்பின் ஸ்பிரின்ட்டை வெனிஸ் நகரத்துச் சந்துகளில் வைத்தார்கள். வடக்கு மாசி வீதிக்கும் வடக்கு வெளி வீதிக்கும் நடுவில் உள்ள சந்துகள் அதற்கு ஒரு துளியும் குறைந்தவை அல்ல. விடிகாலை ஐந்தரைக்கு, கடை திறக்கும் முன், லோடு ஆட்டோ வரும் முன் நடத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

மதுரைக் கல்லூரிகளின் என்.சி.சி. அதிகாரிகளுக்கும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலகச் சாம்பியன்ஷிப்பைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். உங்கள் வளாகத்தையே முதலில் மேப்பாக வரையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு நாற்பது மீட்டர் என்று போட்டால் ஒரு தாளில் அடங்கிவிடும். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மாணவர்களே நடந்து அளந்து குறிக்கட்டும். பத்து இடத்தில் துணி கட்டி, மூன்று நிமிடத்துக்கு ஒருவராக விட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் வந்தாலே போதும், கிறிஸ்டியானியாவில் வந்ததும் அவ்வளவு பேர்தான். தை, மாசியில் வையுங்கள். சித்திரையில் மட்டும் வேண்டாம். வெயில் தாங்காது என்பது ஒருபக்கம், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சிம்மக்கல்லைத் தாண்டிப் போக எந்தக் காம்பஸாலும் வழி காட்ட முடியாது.